மண்டறின் நிறப் பிக்கப்

பலேர்மோ, சீசா
2.2.1997

அன்புள்ள ஞானம்,

நான் சுகம். நீரும் நிதுசனும் சுகமாயிருக்கிறியள் எண்டு நினைச்சுக்கொண்டுதான் எழுதுறன். வேறை மாதிரி நினைச்சால் வேலைக்குப் போக ஏலாது.

"ஒரு பிக்கப் ஒரு வீட்டு விலையோ? ஆருக்குக் காது குத்துறியள்?" எண்டு போன கடிதத்திலை கேட்டிருந்தீர். பொய் எழுதி எனக்கென்ன லாபம் ஞானம்? நான் வேலை செய்யிற கராஜிலை முதலாளி சாறோ சீமெந்து ஏத்துற சாதாரண ஜப்பான் பிக்கப்பைத்தான் வாங்குறார். ஆனால் வெளியிலை போகேக்கை அது வேறை வண்டி. ஸ்பெஷல் எடிசன். மொத்தமே ஆறுதான் செய்யிறது, ஏழாவது கிடையாது. நிறம் இஞ்சை சியாகுல்லித் தோட்டங்களிலை கடைசியாப் பழுக்கிற மண்டறின் பழத்தின்ரை நிறம். அந்த நிறத்தைக் கலக்கவே சாறோவும் என்னோடை வேலை செய்யிற ஏர்னஸ்ற் அண்ணையும் மாரி முழுக்கச் சண்டை பிடிச்சவை.

கொம்பனி அடிச்ச பெயின்ற் முழுக்கச் சுரண்டி இரும்பைக் காணவேணும். அதுக்கு மேலை அடிப்பூச்சு, நிறம், முத்துப்பூச்சு, பிறகு கண்ணாடி மாதிரி மேல்பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவிலை தண்ணி விட்டு விட்டு சான்ட்பேப்பராலை தேய்க்கிறது என்ரை வேலை. போன கிழமை விசா பதியிற பொலிஸ் கந்தோரிலை, குவெஸ்தூராவிலை, கைரேகை எடுத்தவன் என்ரை விரலுக்குத் திரும்பவும் திரும்பவும் மை பூசிப் பாத்துப்போட்டு, "உனக்கு ரேகையே இல்லையே" எண்டு சிரிச்சான். இருக்கைக்குத் தோல் தைக்க ஒரு மனிசன் வாறார், மிசின் பாவிக்கமாட்டார். முன் பம்பருக்கு அச்சு ஒண்டு செய்விச்சவை. ஆறு வண்டிக்கும் ஒரு அச்சுத்தான், ஆறாயிரம் வண்டிக்கும் ஒரு அச்சுத்தான், அந்தக் காசை இந்த ஆறும்தான் சுமக்கவேணும். வண்டியிலை ஒரு ஆணியை மாத்தினாலும் அரசாங்க ஆள் வந்து பாத்து முத்திரை குத்தவேணும், அதுக்கும் செலவு. கடைசியிலை முன்னுக்கு ஒரு பித்தளைத் தகடு அடிக்கினம், ஆறிலை முதலாவது எண்டு. பாதி விலை அந்தத் தகட்டுக்குத்தான் எண்டு ஏர்னஸ்ற் அண்ணை சொல்லுவார்.

முதலாவது வண்டியை சியாகுல்லியிலை பெரிய மண்டறின் தோட்டம் வைச்சிருக்கிற ஒருத்தர் எடுக்கிறார். அவர் எடுத்திட்டார் எண்டால் மற்ற அஞ்சுக்கும் ஆக்கள் காத்து நிக்கினம். அதோடை எனக்கு நிரந்தர வேலைப் பத்திரம் எழுதித் தாறன் எண்டு சாறோ சொல்லிப்போட்டார். அந்தப் பத்திரம் இருந்தால்தான் உங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட நான் விண்ணப்பம் போடலாம்.

ஒரு விசயம் நீர் அறியவேணும். இந்த வருசம் ஒருத்தருக்குத்தான் பத்திரம் எண்டார் சாறோ. முறைப்படி அது ஏர்னஸ்ற் அண்ணைக்குத்தான் வரவேணும். என்னை இந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்ததே அவர்தான். ஆனால் அவர், "உனக்குப் பிள்ளை சின்னன், நீ எடு, நானும் புனிதமும் இன்னுமொரு வருசம் பாப்பம்" எண்டிட்டார். உம்மோடை ஒரே அடுப்பிலை சமைக்கிற புனிதமலருக்கு இதை எழுதினாரோ தெரியாது. நீரா வாயைக் குடுக்காதையும்.

நிதுசனுக்கு முத்தம்.

பேரின்பம்


கொட்டாஞ்சேனை
20.2.1997

அன்புள்ள அத்தானுக்கு,

பிக்கப் கதை விளங்கிச்சுது. விளங்காமல் என்ன, நானும் தையல்காரிதானே? கடைக்குத் தைக்கிற பிளவுஸ் எண்டால் ஒரே வெட்டிலை பத்து வெட்டலாம். கலியாணப் பொம்பிளைக்கு எண்டால் துணி விலையிலும் கூலி கூட. போன மாசம் வெள்ளவத்தையிலை ஒரு தாய்க்காரி, "இதே மாதிரி இன்னொருத்திக்கும் தைச்சுக் குடுக்கக்கூடாது, கண்டியோ" எண்டு சொல்லி மேலதிகமாக் காசு தந்திட்டுப் போனா. தைக்கிறதுக்குக் கூலி சரி, தைக்காமல் விடுறதுக்கும் கூலி! உங்கடை முதலாளியும் அதைத்தான் விக்கிறார். ஏழாவதைச் செய்யாமல் விடுறதை விக்கிறார்.

ஏர்னஸ்ற் அண்ணை விட்டுக் குடுத்தது புனிதமலருக்குத் தெரியும். அண்டைக்கு அவரின்ரை கடிதம் வந்த கையோடை வாசிச்சிட்டு, நிதுசனைத் தூக்கி மடியிலை வைச்சுக்கொண்டிருந்தா. எனக்கு அவவின்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் போச்சு.

இஞ்சை நிலைமை உங்களுக்குத் தெரியும்தானே. போன புதன் விடிய முன்னம் ஆமியும் பொலிசும் வந்து கதவிலை தட்டினாங்கள். பொலிஸ் பதிவுத் துண்டைக் காட்டினம், பாத்தாங்கள், பிள்ளையை எழுப்பி அவன்ரை பேரைக் கேட்டாங்கள், போனாங்கள். அண்டையிலை இருந்து அவன் பாயிலை சலம் போறான். வீட்டுக்காரி வேறை, ஆடிக்குப் பிறகு அறை இல்லை எண்டிட்டா. அவவுக்கும் பயம், நான் பேசேல்லை.

அதாலை சொல்லுறதைக் கவனமாக் கேளுங்கோ. பிள்ளையார் கோயில் குங்குமமும் திருநீறும் இதுக்குள்ளை மடிச்சு வைச்சிருக்கிறன். வண்டி வெளிக்கிட முன்னம் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வையுங்கோ, முன்னுக்குக் குங்குமம் வையுங்கோ. ஒரு சைக்கிள் வாங்கினாலே எங்கடை சனம் தேசிக்காய் நசிக்காமல் ஏறாது. வண்டி உங்கடையில்லை எண்டு சாட்டுச் சொல்ல வேண்டாம். என்ரை பிள்ளையின்ரை விசா அந்த வண்டியிலைதான் இருக்கு.

செய்தனான் எண்டு நீங்கள் எழுதுமட்டும் எனக்கு நித்திரை இல்லை.

உங்கள்
ஞானம்பிகை


பலேர்மோ
11.3.1997

ஞானம்,

உன்ரை குங்குமம் என்ரை குடியைக் கெடுத்துப்போட்டுது.

வெள்ளிக்கிழமை வண்டி எடுக்கிற நாள். தோட்டக்காரன் மத்தியானம் போலை வருவான் எண்டவை. நான் வெள்ளெனப் போய்க் கராஜைத் திறந்து, நீ சொன்னபடி சில்லுக்கு முன்னாலை தேசிக்காய் வைச்சன். எங்கடை பச்சைத் தேசிக்காய் இஞ்சை எங்கை, பெரிய மஞ்சள் தேசிக்காய்தான். குங்குமத்தைத் தண்ணியிலை குழைச்சு பொனற்றின்ரை நடுவிலை பெரிய பொட்டா வைச்சுக் கும்பிட்டன். உன்னையும் பிள்ளையையும் நினைச்சுத்தான் கும்பிட்டன். பொட்டைக் கொஞ்ச நேரம் விட்டுத் துடைப்பம் எண்டு உடுப்பு மாத்த உள்ளுக்குப் போனன்.

அதுக்கிடையிலை தோட்டக்காரன் மாமியையும் கூட்டிக்கொண்டு வந்திட்டான். நான் கேட்டது அந்த மனிசி வீரிட்டுக் கத்தின சத்தம்தான். "ஃபத்தூரா! ஃபத்தூரா!" எண்டு நெஞ்சிலை அடிச்சுக்கொண்டு நிக்குது. செய்வினையாம்! இஞ்சத்தைச் சனம் ஒருத்தனை அழிக்கவேணும் எண்டால் தேசிக்காயிலை குண்டூசி குத்தி அவன்ரை வழியிலை வைக்குமாம். நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய், முன்னுக்கு இரத்தம் மாதிரிச் சிவப்பு. தோட்டக்காரன் வெளிறிப் போனான். "எனக்கு இந்த வண்டி வேண்டாம், என்ரை தோட்ட வாசலுக்கும் கொண்டு வராதை" எண்டு சொல்லிப்போட்டு மாமியைத் தாங்கிக்கொண்டு போட்டான்.

மேல்பூச்சு முழுசா இறுகேல்லை. குங்குமம் அதுக்குள்ளை இறங்கியிட்டுது. எவ்வளவு துடைச்சாலும் போகுதில்லை.

இன்னுமொண்டு. நான் வெளியிலை ஓடி வரேக்கை ஏர்னஸ்ற் அண்ணை ஈரத்துணியோடை பொனற்றுக்குப் பக்கத்திலை நிண்டார். ரெண்டு கையும் சிவப்பு. எப்ப வந்தவர், ஏன் கையிலை சிவப்பு, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. சாறோ அவரைப் பாத்து, "பத்திரம் உனக்குக் கிடைக்கேல்லை எண்ட எரிச்சலிலை செய்தனியோ?" எண்டு கேட்டார். ஏர்னஸ்ற் அண்ணை என்னை ஒருக்காப் பாத்தார். வாய் திறக்கேல்லை. நானும் திறக்கேல்லை. இனி இஞ்சை கால் வைக்காதை எண்டு சாறோ அவரைக் கலைச்சுப்போட்டார்.

சுரண்டித் திரும்ப அடி, வேறை ஆள் பாப்பம் எண்டு சாறோ எனக்குச் சொல்லியிருக்கிறார். பத்திரத்தைப் பற்றி இல்லை எண்டும் சொல்லேல்லை. அதாலை நீ புனிதமலரிட்டை மூச்சும் விடக்கூடாது. விட்டியோ, எல்லாம் முடிஞ்சுது.

பேரின்பநாயகம்


கொட்டாஞ்சேனை
14.3.1997

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கடை கடிதம் இன்னும் வரேல்லை. இண்டைக்கு வரும் நாளைக்கு வரும் எண்டு பாத்து, பொறுக்கேலாமல் நானே எழுதுறன். இதுக்குள்ளை வண்டி போயிருக்கும். குங்குமம் வைச்சனீங்கள்தானே? எனக்கு மனம் சொல்லுது வைச்சனீங்கள் எண்டு.

நிதுசனுக்குப் பாஸ்போட் வந்திட்டுது! படத்திலை முழியைப் பிதுக்கிக்கொண்டு நிக்கிறான், பாத்தால் சிரிப்பீங்கள். கலியாணப் பதிவையும் அவன்ரை பிறப்புப் பத்திரத்தையும் மொழிபெயர்த்து முத்திரையும் குத்தி எடுத்திட்டன். வெள்ளவத்தை பிளவுஸ் காசெல்லாம் அதுக்குத்தான் போச்சு. நீங்கள் "அனுப்பு" எண்டு ஒரு சொல்லு எழுதினால் காணும்.

புனிதமலருக்கு இப்ப தவக்காலம். ஒரு நேரச் சாப்பாடு. அந்த ஒரு நேரத்திலையும் பாதியை உங்கடை மகனுக்குத் தீத்தி விடுறா. ஏர்னஸ்ற் அண்ணைக்குச் சொல்லுங்கோ, அவரின்ரை மனிசியை நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு. அவர் உங்களைப் பாத்துக்கொள்ளுற மாதிரி.

உங்கள்
ஞானம்


கொட்டாஞ்சேனை
29.3.1997

நிதுசனின் அப்பாவுக்கு,

கலியாணம் கட்டின நாளையிலை இருந்து நீங்கள் என்னை நீ எண்டு கூப்பிட்டதில்லை. கடிதம் முழுக்க நீ. பரவாயில்லை. கோவத்திலை வந்த சொல்லு. ஆனால் மிச்சம் முழுக்க யோசிச்சு எழுதினது, அதைத்தான் என்னாலை பொறுக்க ஏலாமல் கிடக்கு.

பெரிய வியாழன் அண்டைக்கு ரெண்டு கடிதமும் ஒண்டா வந்தது. தபால்காரன் ஒண்டை எனக்கும் ஒண்டைப் புனிதமலருக்கும் தந்தான். ரெண்டு பேரும் அடுப்படியிலை நிண்டு பிரிச்சம். நான் உங்கடை கடிதத்தைப் பாதி வாசிக்கேல்லை, அவ நிலத்திலை குந்திட்டா. "இவருக்கு வேலை போட்டுதாம் ஞானம். ஏனெண்டு எழுதேல்லை. தன்னிலை பிழை இல்லையாம், அவ்வளவுதான் எழுதியிருக்கு" எண்டு அழுதா. நான் உங்கடை கடிதத்தை முந்தானைக்குள்ளை ஒளிச்சுக்கொண்டு அவவின்ரை முதுகைத் தடவி விட்டன். என்ரை கையை வெட்டி எறியவேணும் போலை இருந்தது.

கையிலை சிவப்பு ஏனெண்டு உங்களுக்கு விளங்கேல்லையாம்! ஏர்னஸ்ற் அண்ணை பிறந்த மன்னாரிலை தேசிக்காய் காய்க்கிறேல்லையோ? மன்னார்ச் சனம் வான் வாங்குறேல்லையோ? வந்த உடனை கண்டிருப்பார், இது பேரின்பத்தின்ரை வேலை எண்டு விளங்கியிருக்கும். முதலாளி காணமுன்னம் துடைச்சு உங்களைக் காப்பாத்தப் பாத்திருக்கிறார். அந்தக் கையைத்தான் காட்டிக் குடுத்திட்டு நிக்கிறியள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் எண்டு சும்மாவோ சொன்னவை.

குங்குமம் அனுப்பினது நான். வை எண்டு சொன்னது நான். அது என்ரை பிழை, ஆரிட்டையும் சொல்லுவன். வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ எண்டு நான் எழுதேல்லை.

அந்த முதலாளியிட்டைப் போய் உண்மையைச் சொல்லுங்கோ. இந்த வழியிலை வாற விசாவிலை நான் பிளேன் ஏறமாட்டன்.

ஞானம்பிகை


பலேர்மோ
9.4.1997

அன்புள்ள ஞானம்,

நீ எண்டு எழுதினதுக்கு மன்னியும்.

பிளேன் ஏறமாட்டன் எண்டு எழுத உமக்கு என்ன, லேசு. அந்தப் பிளேனுக்காக நான் சுவாசிக்கிற காத்திலை தின்னர் மணம்தான் இருக்கு. விடியப்புறம் கதவிலை தட்டுறாங்கள் எண்டு நீர்தானே எழுதினனீர்? ஆடிக்குப் பிறகு அறை இல்லை எண்டும் நீர்தானே எழுதினனீர்? நான் உண்மையைச் சொன்னால் சாறோ என்னையும் கலைப்பார். அப்ப ரெண்டு பேருக்கும் வேலை இல்லை. உமக்கும் விசா இல்லை, புனிதமலருக்கும் இல்லை. உதாலை ஆருக்கு என்ன நன்மை, சொல்லும் பாப்பம்?

வண்டி கராஜின்ரை மூலையிலை துணி மூடிக் கிடக்கு. நான் பொனற்றைத் தேய்ச்சுத் தேய்ச்சு மேல்பூச்சு மெலிஞ்சு போச்சு. உத்துப் பாத்தால் இப்பவும் ஒரு சிவந்த நிழல் தெரியும். ஆனால் சங்கதி அதில்லை. நிழல் போனாலும் தோட்டக்காரன் எடுக்கமாட்டான். இந்தத் தொழில் எனக்கு இப்பதான் விளங்குது. அந்த வண்டிக்குச் சனம் இரும்புக்கும் பெயின்றுக்கும் மட்டும் காசு குடுக்கேல்லை. வேறை ஒருத்தனும் தொடாத ஒண்டு தன்னட்டை இருக்கெண்ட நினைப்புக்குத்தான் குடுக்குது. அந்த நினைப்பிலை நான் பொட்டு வைச்சுப்போட்டன். அஞ்சு பேரும் இப்ப யோசிச்சுச் சொல்லுறம் எண்டு பின்னடிக்கினம்.

நேற்றுத் துறைமுகத்துக்குப் போனன். நாப்போலி போற கப்பலுக்குச் சாமான் ஏத்துற இடத்திலை ஏர்னஸ்ற் அண்ணை நாள்கூலிக்கு நிக்கிறார் எண்டு கேள்விப்பட்டுத்தான் போனன். முதுகு நோவுக்கு இடுப்பைச் சுத்தித் துவாய் கட்டியிருந்தார். என்னைக் கண்டிட்டு, "சாப்பிட்டியோ?" எண்டு கேட்டார். அது ஒண்டுதான் கேட்டார் ஞானம். நான்தான் பொறுக்கேலாமல், "அண்ணை, ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?" எண்டு கேட்டன். "நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்" எண்டார். பிறகு அடுத்த லொறி வந்திட்டுது, போட்டார்.

நீர் சொன்னது சரி. துடைக்கத்தான் துணி எடுத்திருக்கிறார்.

சொல்லவேணும் எண்டுதான் ஒவ்வொரு நாளும் கராஜுக்குப் போறன். ஆனால் சாறோவின்ரை முகத்தைக் கண்டால் நாக்கு எழும்புதில்லை. இன்னும் கொஞ்ச நாள் தாரும். பத்திரம் கையிலை வந்த உடனை சொல்லுறன். கட்டாயம் சொல்லுறன்.

பேரின்பம்


கொட்டாஞ்சேனை
24.4.1997

நிதுசனின் அப்பாவுக்கு,

பத்திரம் வந்தாப்போலை சொல்லுவியளோ? வேள்விக்கு ஆட்டை வெட்டிப்போட்டு அதிட்டை மன்னிப்புக் கேக்கிற கதை.

நான் புனிதமலரிட்டைச் சொல்லிப்போட்டன். உங்கடை ரெண்டு கடிதத்தையும் அவவின்ரை கையிலை குடுத்து, இருந்து வாசியுங்கோ எண்டன். வாசிச்சா. திட்டுவா, அடிப்பா எண்டு நினைச்சன். ஒண்டும் இல்லை. கடிதத்தை மடிச்சுத் தந்திட்டு எழும்பிப் போய், தன்ரை சட்டியையும் அரிசியையும் எடுத்துக்கொண்டு மற்ற மூலைக்குப் போனா. இப்ப ஒரு அறைக்குள்ளை ரெண்டு அடுப்பு எரியுது. நிதுசன் ஒண்டும் விளங்காமல் இஞ்சையும் அங்கையும் ஓடுறான். அவனுக்குத் தீத்துறதை மட்டும் அவ நிப்பாட்டேல்லை. அதைப் பாக்கத்தான் எனக்கு வேதனையா இருக்கு.

எனக்குப் பயம் இல்லை எண்டு நினையாதையுங்கோ. போன கிழமையும் தட்டினாங்கள். இந்தமுறை துண்டைப் பாத்திட்டு, புருசன் எங்கை எண்டு கேட்டு என்னை வெளியிலை நிப்பாட்டி வைச்சாங்கள். புனிதமலர் எழும்பி வந்து, என்னோடை கதைக்காமலே என்ரை பக்கத்திலை நிண்டா. அவங்கள் போகுமட்டும் நிண்டா. பிறகு போய்ப் படுத்திட்டா.

கலியாணப் பதிவும் பிறப்புப் பத்திரமும் என்னட்டைத்தான் கிடக்கு. அது இல்லாமல் உங்களுக்கு எந்தப் பத்திரம் வந்தும் பிரயோசனம் இல்லை. ஏர்னஸ்ற் அண்ணை வேலைக்குத் திரும்பினார் எண்டு புனிதமலருக்கு அவரின்ரை கையெழுத்திலை கடிதம் வரவேணும். வந்த அண்டைக்கே உங்களுக்குத் தபாலிலை போடுவன். வராட்டில் போடமாட்டன். நானும் பிள்ளையும் இஞ்சை என்ன நடந்தாலும் நடக்கட்டும்.

யோசிச்சு எழுதுறன். கோவத்திலை எழுதேல்லை.

ஞானம்பிகை


பலேர்மோ
20.5.1997

அன்புள்ள ஞானம்,

சொல்லிப்போட்டன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு சாறோ பாணை வெட்டிக்கொண்டிருக்கேக்கை முன்னாலை போய் நிண்டு, தெரிஞ்ச இத்தாலியனிலை சொன்னன். தேசிக்காய் வைச்சது நான், குங்குமம் வைச்சது நான், ஏர்னஸ்ற் துடைக்க வந்தவர் எண்டு. அவர் கத்தேல்லை. கத்தியைக் கீழை வைச்சிட்டு, தேசிக்காய் எதுக்கு, சிவப்பு எதுக்கு எண்டு ஒவ்வொண்டாக் கேட்டார். கண்ணூறு படாமல் இருக்க, போற வண்டி பத்திரமா வீட்டை திரும்பி வர எண்டு சொன்னன். "ஆர் சொல்லித் தந்தது?" எண்டார். என்ரை மனிசி எண்டன். "இதை அண்டைக்கே சொல்லியிருந்தால் அந்த மாமிக்காரிக்கு நானே விளங்கப்படுத்தியிருப்பன். அவவும் கண்ணூறுக்குத் தன்ரை காருக்குள்ளை சிவப்புக் கொம்பு தூக்கி வைச்சிருக்கிறவதானே" எண்டார். எனக்கு நிலம் பிளந்து உள்ளை போகவேணும் போலை இருந்தது.

அண்டைக்குப் பின்னேரமே சாறோ தானே துறைமுகத்துக்குப் போய் ஏர்னஸ்ற் அண்ணையைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாருக்கும் முன்னாலை மன்னிப்புக் கேட்டார். நிரந்தரப் பத்திரமும் அவருக்குத்தான் எழுதினது. நீர் கேட்ட கடிதத்தை அவர் எழுதிப் போட்டிட்டார், இப்ப புனிதமலரின்ரை கையிலை இருக்கும்.

என்னைக் கூப்பிட்டு இந்தக் கிழமையோடை நில் எண்டார். "வண்டியைக் கெடுத்ததுக்கில்லை. உன்ரை சினேகிதன் வெளியிலை போகேக்கை பாத்துக்கொண்டு நிண்டனி. அந்த ஆளோடை நான் எப்பிடி ஒரு கூரைக்குக் கீழை வேலை செய்யிறது?" எண்டு கேட்டார்.

இன்னும் கேளும். அந்த வண்டி வித்துப் போச்சு! திராப்பானியிலை ஹோட்டல் வைச்சிருக்கிற ஒருத்தன் வந்தான். சாறோ துணியை நீக்கி அந்தச் சிவந்த நிழலைக் காட்டி, கீழைத்தேசத்து ஆசீர்வாதம், ஒரு மனிசி தன்ரை கோயிலிலை இருந்து அனுப்பினது, இப்பிடி ஒண்டு வேறை எங்கையும் இல்லை எண்டு கதை சொன்னார். தோட்டக்காரன் பேசினதிலும் கூட விலைக்கு எடுத்துக்கொண்டு போட்டான். ஆறிலை ஒண்டெண்டு செய்த வண்டி, உலகத்திலை ஒண்டெண்டு போகுது. நான் தேய்க்கத் தேய்க்கப் போகாத நிழலுக்குத்தான் அந்த மேலதிகக் காசு. ஏர்னஸ்ற் அண்ணை பக்கத்திலை நிண்டு தலையிலை கை வைச்சார்.

இப்ப அவர் நிண்ட இடத்திலை, துறைமுகத்திலை, நான் நாள்கூலிக்கு நிக்கிறன். நாள்கூலிக்காரனுக்குப் பத்திரம் ஒருத்தரும் எழுதார். அதாலை அந்தப் பதிவுகளை அனுப்பாதையும். குடுக்க இடம் இல்லை.

நீர் சொன்னதைச் செய்தன் எண்டு பெருமைக்கு எழுதேல்லை. பயந்து பயந்துதான் செய்தன். உங்களை நினைச்சால் இப்பவும் நான் செய்தது சரியோ எண்டு தெரியேல்லை.

பேரின்பம்


வத்தளை
2.10.1997

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் அதுக்குப் பிறகு எழுதின கடிதங்கள் வந்தது. பதில் போடேல்லை. கோவத்திலை எண்டு நினைச்சிருப்பியள். கோவம் இல்லை, பொறாமை. அதை எப்பிடி எழுதுறதெண்டு தெரியாமல் இருந்தன்.

ஏர்னஸ்ற் அண்ணையின்ரை கடிதம் வந்த அண்டைக்குப் புனிதமலர் தன்ரை சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என்ரை அடுப்பிலை வைச்சா. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதம். அவ சந்தோசத்திலை அழுதா. நான் எதுக்கு அழுதனான் எண்டு எனக்குத்தான் தெரியும். பிறகு அவவுக்கு விசா வரப் போகுதெண்டு ஆக, நான் தைச்ச பிளவுஸுகளை அவ பெட்டியிலை மடிச்சு மடிச்சு வைக்கிறதைப் பாத்துக்கொண்டிருக்கிறன், எனக்கு வயிறு எரியுது. இது என்ரை இடம், என்ரை பிளேன் எண்டு மனம் கத்துது. நானே குடுக்கச் சொல்லிக் கேட்டது, நானே எரியிறன். பிள்ளையாரிட்டைப் போய் இதைச் சொல்லி அழுதும் பாத்தன்.

ஆடியோடை கொட்டாஞ்சேனை அறையும் போச்சு. இஞ்சை வத்தளையிலை ஒரு வீட்டுப் பின்பக்கம் இருக்கிறம். மழைக்கு ஒழுகும். தையல் மிசினை ஒரு பக்கம் தள்ளி வைச்சுத் தைக்கிறன். இஞ்சையும் தட்டுறாங்கள். நிதுசன் இப்ப தானா எழும்பித் தன்ரை பேரைச் சொல்லுறான், நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்.

நேற்றுப் புனிதமலரைக் கட்டுநாயக்கா எயர்போட்டிலை கொண்டுபோய் விட்டன். உள்ளுக்குப் போகமுன்னம், "ஞானம், நீர் அண்டைக்கு அந்தக் கடிதங்களை என்ரை கையிலை தராமல் விட்டிருந்தால் இண்டைக்கு நீர்தான் போயிருப்பீர்" எண்டா. ஓம் எண்டன். "இப்ப கவலையா?" எண்டு கேட்டா. ஓம், கவலைதான், ஆனால் உங்களோடை இவ்வளவு நாளும் ஒரு அறைக்குள்ளை வாயைத் திறக்காமல் இருந்திருக்க ஏலாது எண்டன். அவ நிதுசனைத் தூக்கி வைச்சுக்கொண்டு விடவே இல்லை. கடைசியிலை பொலிஸ்காரன்தான் போங்கோ போங்கோ எண்டு கலைச்சான்.

நீங்கள் அனுப்பாதையும் எண்டு எழுதின பதிவுகள் ரெண்டும் இந்தக் கடிதத்துக்கு முன்னமே அவவின்ரை கைப்பையிலை வந்து சேர்ந்திருக்கும். ஏர்னஸ்ற் அண்ணை திரும்பினால் தாறன் எண்டு சொன்னனான். சொன்னால் சொன்னதுதான். நாலைஞ்சு மாசம் பிந்திப்போச்சு, அது நான் பொறாமையிலை வைச்சிருந்தது. மன்னியுங்கோ. குடுக்க இடம் இல்லை எண்டு பெட்டியிலை பூட்டி வைக்கக்கூடாது, கண்டியளோ. அங்கத்தைப் பணக்கார அம்மாமாற்றை, சிஞ்ஞோராமாற்றை, வீட்டிலை சமைக்க, கிழடுகட்டையளைப் பாக்க ஆள் தேடுகினமாம், அதுக்கும் பத்திரம் எழுதுவினமாம், புனிதமலர் எல்லாம் விசாரிச்சுப்போட்டுத்தான் வாறா. உங்களுக்குச் சமைக்கத் தெரியாது எண்டும் அவவுக்குச் சொல்லியிருக்கிறன். சொல்லித் தருவா, பழகுங்கோ.

முந்தி எழுதினன் பிளேன் ஏறமாட்டன் எண்டு. நீங்கள் வாய் திறந்தீங்கள். அதுக்குப் பிறகும் நான் அந்தச் சொல்லிலை நிண்டால் அது வீம்பு. எவ்வளவு நாள் எடுக்குமோ தெரியாது. அடுத்த வருசமோ, அதுக்கும் அங்காலையோ. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனால் ஒளிச்சு வைக்க ஒண்டும் இல்லாத மனிசனிட்டைத்தான் வாறன் எண்டு தெரிஞ்சு வருவன்.

வேலை தேடுங்கோ அத்தான். நாங்கள் வாறம்.

உங்கள்
ஞானம்